போனவர், இருந்தவர், வந்தவர்



1950-ஆம் ஆண்டு மே திங்களில், ஈராக் நாட்டின் தலைநகரான பாக்தாதிலிருந்து வானூர்திகள் புறப்படலாயின. ஒன்றன்பின் ஒன்றாக, மாதக்கணக்கில் அவை பறந்தன. அவற்றில் ஏறிச் சென்றோர் வணிகர், வழக்கறிஞர், இசைவாணர், தையற்காரர், பள்ளிச் சிறுவர், பல் விழுந்த பாட்டிமார். அனைவரும் யூதர். அரபு மொழியே அவர்கள் வீட்டு மொழி. டைகிரிஸ் ஆற்றங்கரையே அவர்கள் ஓடி விளையாடிய இடம். 1951-ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,20,000 பேர் இவ்வாறு இஸ்ரேல் நாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

அந்தப் பெரும் பெயர்ச்சிக்குச் சூட்டப்பட்ட பெயர் என்ன தெரியுமா? ‘எஸ்றா – நெகேமியா’ என்பதே! பழைய ஏற்பாட்டைப் புரட்டிப் பார்த்தவர்கள் அந்த இரு பெயர்களையும் அறிவார்கள். பாபிலோனில் சிறையிருந்த யூதர்களின் வழிவந்தோரை எருசலேமுக்கு மீட்டுச் சென்ற தலைவர்கள் அவர்கள். அவர்கள் வாழ்ந்தது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் என்பது மரபு. அன்று பாபிலோனிலேயே தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள், 2,400 ஆண்டுகள் கழித்து, அதே பெயர்களைத் தாங்கிய வானூர்தித் திட்டத்தில் ஏறிப் பறந்தார்கள்!

நண்பர்களே, ஒரு கேள்வி. அந்த மக்கள் அன்று வீடு திரும்பினார்களா? அல்லது வீட்டை விட்டு வெளியேறினார்களா?

இரண்டும் உண்மை என்பதுதான் விடை. இரண்டும் ஒரே வேளையில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் வரலாற்றின் கொடுமை. இதை விளங்கிக்கொள்ள, ஒரு பழைய நூலின் பக்கங்களைச் சற்றே புரட்ட வேண்டும். பக்திக்காக அன்று, படிப்பினைக்காக!

ஏதேனில் தொடங்கிய கதை

எபிரேய மறை வெளியேற்றத்தில் தொடங்குகிறது. ஆதாமும் ஏவாளும் ஏதேன் தோட்டத்தை விட்டுத் துரத்தப்படுகிறார்கள். காயீன் நிலையற்று அலைகிறான். ஆபிரகாம் ஊர் என்னும் நகரை விட்டுக் கிளம்புகிறான். யாக்கோபு அண்ணனுக்கு அஞ்சி ஓடுகிறான். இருபதாண்டு கழித்துத் திரும்புகிறான். அவன் மக்கள் பஞ்சம் பிழைக்க எகிப்துக்குப் போகிறார்கள், போனவர்கள் அடிமைகளாகிறார்கள், அடிமைத்தளை அறுத்து வெளியேறுகிறார்கள். நாற்பதாண்டு பாலைவனத்தில் அலைகிறார்கள். அவர்களை நடத்திச் சென்ற மோசேயோ, நேபோ மலையுச்சியில் நின்று, தொலைவில் தெரியும் நாட்டைக் கண்ணால் கண்டுவிட்டுக் காலடி வைக்காமலே மாண்டு போகிறான். ஐந்தாகமங்களும் அங்கேயே முடிகின்றன. நாட்டுக்குள் நுழையாமலே முடிகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிறித்தவர் கையிலுள்ள பழைய ஏற்பாடு மல்கியா என்னும் தீர்க்கதரிசியோடு நிறைவுறுகிறது. யூதர் தம் மறையை அடுக்கும் முறை வேறு. அவர்கள் வரிசையில் இறுதி நூல் நாளாகமம். அதன் கடைசி வாசகம், பாரசீகப் பேரரசன் கோரேசு விடுக்கும் அழைப்பு: இவன் மக்களில் எவருண்டோ, அவர்கள் எருசலேமுக்குப் போகலாம் என்னும் அனுமதி. போனார்களா, என்ன ஆயிற்று என்பதை அந்த வாசகம் சொல்லவில்லை. துரத்தப்படுவதில் தொடங்கி, திரும்பிவர அழைப்பதில் முடிகிறது ஓர் இனத்தின் மறைநூல். உலகில் இப்படியொரு நூலைத் தன் தலையணையாகக் கொண்டு ஈராயிரம் ஆண்டு உறங்கி விழித்த மக்கள், திரும்புதலைக் கனவு காணாமல் வேறெதைக் காண்பார்கள்?

போனவர் யார்? இருந்தவர் யார்?

கனவு ஒருபுறம் இருக்கட்டும். நடந்ததைக் காண்போம்.

கி.மு. 722 அளவில் வடக்கு இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா, அசீரியப் படையிடம் வீழ்ந்தது. 27,290 பேரை நாடு கடத்தியதாக அசீரிய மன்னன் சார்கோன் தன் கல்வெட்டில் பெருமையடித்துக் கொள்கிறான். அசீரியரின் ஆட்சிக்கலை அதுதான். வென்ற நாட்டு மக்களை வேரோடு பிடுங்கி வேறிடத்தில் நடுவது; வேறிடத்து மக்களைப் பிடுங்கி இங்கே நடுவது. மண்ணுக்கும் மனிதனுக்குமுள்ள பிணைப்பை அறுத்துவிட்டால் கலகம் பிறக்காது என்பது அந்தப் பேரரசின் கணக்கு. அந்தக் கணக்கு இன்றும் சிலருக்கு இனிக்கிறது!

அடுத்து யூதாவின் முறை. கி.மு. 597-இல் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைக் கைப்பற்றி, அரசன் யோயாக்கீனைச் சிறை கொண்டு சென்றான். கி.மு. 586-இல் மீண்டும் வந்தான்; மதிலை இடித்தான்; ஆலயத்தை எரித்தான். கடைசி அரசன் சிதேக்கியாவின் பிள்ளைகளை அவன் கண்முன்னே வெட்டினார்கள். பிறகு அந்தக் கண்களைப் பிடுங்கினார்கள். அவன் இறுதியாகக் கண்ட காட்சி அதுவாகவே இருக்கட்டும் என்பது வென்றவனின் வன்மம்.

சிறைப்பட்டுச் சென்றவர் எத்தனை பேர்? எரேமியா நூலின் இறுதிப் பகுதி மூன்று தவணைகளாகக் கணக்குக் காட்டுகிறது: 3,023, 832, 745. ஆக 4,600 பேர். இராஜாக்கள் நூல் 10,000 என்கிறது. எந்தக் கணக்கை ஏற்றாலும் அது நாட்டின் முழு மக்கள்தொகை அன்று. அரசகுலத்தார், அதிகாரிகள், படைவீரர், தச்சர், கொல்லர் ஆகியோரைத்தான் பாபிலோன் பொறுக்கி எடுத்தது. ஏழைகளையோ, திராட்சைத் தோட்டத்தையும் வயலையும் பார்த்துக்கொள்ள அங்கேயே விட்டுச் சென்றது. நூலே இதைச் சொல்கிறது.

போனவர் எழுதத் தெரிந்தவர். இருந்தவர் உழத் தெரிந்தவர். எனவே நமக்குக் கிடைத்த வரலாறு போனவரின் வரலாறு! நாடே வெறிச்சோடிக் கிடந்தது, நிலம் தன் ஓய்வுநாட்களை அனுபவித்தது என்று நாளாகமம் எழுதியது. ஆனால், அந்த ‘வெறும்’ நிலத்தில் கலப்பை ஓடிக்கொண்டுதான் இருந்தது. உழுதவனுக்கு ஏடு இல்லை, அவ்வளவே!

அந்நிய மண்ணில்

பாபிலோனில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? எரேமியா அவர்களுக்கு ஒரு கடிதம் விடுத்தார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் வாழும் நகரின் நலத்தை நாடுங்கள் என்பது அதன் சாரம். நாளையே திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டிய பொய்த் தீர்க்கதரிசிகளுக்கு அவர் அளித்த மறுப்பு அது. எழுபது ஆண்டு ஆகும் என்றார். கேட்கக் கசந்தது, ஆனால் காப்பாற்றியது.

இதற்குச் சான்று மண்ணிலிருந்தும் கிடைத்திருக்கிறது. பாபிலோன் அரண்மனையில் தோண்டி எடுத்த களிமண் பலகைகள், யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கும் அவன் மக்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கைக் காட்டுகின்றன. 2014-இல் வெளியான வேறு சில பலகைகள், ‘யூதா ஊர்’ என்றே பெயர் பெற்ற ஒரு குடியிருப்பு அங்கே இருந்ததைக் காட்டுகின்றன. அங்கே யூதர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தனர், வரி கட்டினர், கடன் வாங்கினர், கொடுத்தனர். ஆற்றங்கரையில் அமர்ந்து அழுதவர்கள், எழுந்து வாய்க்கால் வெட்டியவர்களும் ஆவர்.

அந்த அழுகையைப் பாடும் சங்கீதத்தை, 137-ஆம் சங்கீதத்தை, உலகம் முழுவதும் உருகி உருகிப் பாடுகிறார்கள். அதன் தொடக்கத்தைத்தான் பாடுகிறார்கள். முடிவைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கண்ணீரில் தொடங்கும் அப்பாடல், பகைவரின் பச்சிளங் குழந்தைகளையும் கொல்லத் துடிக்கும் பழிவெறியில் முடிகிறது. அதை மறைக்காமல் ஏட்டில் வைத்தவர்களின் நேர்மையைப் பாராட்டுவோம். ஆனால், பாடம் ஒன்றையும் படிப்போம்: துன்பம் எல்லோரையும் தூயவராக்கிவிடுவதில்லை. அடிபட்டவன் அறவோனாகவும் எழலாம், அடிப்பவனாகவும் எழலாம்.

அறவோனாக எழுந்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஏன் இந்த வீழ்ச்சி என்று ஆராய்ந்த தீர்க்கதரிசிகள், பகைவனின் படைபலத்தை மட்டும் காரணமாகக் காட்டவில்லை. நாபோத் என்னும் குடியானவனின் திராட்சைத் தோட்டத்தைப் பறிக்க, அவன்மீது பொய்வழக்குப் போட்டுக் கல்லெறிந்து கொன்ற ஆகாப் அரசனின் கதையை நினைவூட்டினார்கள். ஒரு சோடிச் செருப்புக்கு ஏழையை விற்கிறீர்களே என்று ஆமோஸ் சீறினார். விதவையை ஒடுக்கினீர்கள், திக்கற்றவனைத் தள்ளினீர்கள், அந்நியனை நசுக்கினீர்கள். மண் உங்களை உமிழ்ந்தது என்றார்கள். தோற்ற பின்பும் தம்மையே குற்றக்கூண்டில் ஏற்றிக்கொள்ளும் நெஞ்சுரம் எத்தனை இனங்களுக்கு வாய்த்திருக்கிறது?

இங்கே ஓர் எச்சரிக்கை. தன்னைத் தானே கடிந்துகொண்டவனின் சொல்லைத் திருடி, அவனையே அடிக்கும் கோலாக்கினார்கள் பிற்காலத்தார். யூதர் அலைவது கடவுளிட்ட தண்டனை என்று ஐரோப்பாவின் மடங்களில் போதித்தார்கள். ‘அலையும் யூதன்’ என்று கட்டுக்கதை பரப்பினார்கள். சாபம் பெற்றவனைச் சாத்துவது புண்ணியம் என்று நம்பிய கூட்டம் வீடுகளைக் கொளுத்தியது. தாய் மகனைக் கடிந்தாள் என்பதற்காகத் தெருவில் போகிறவன் அவனை உதைக்கலாமோ?

திரும்பி வந்தவர் கண்டது என்ன?

கி.மு. 539-இல் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். அவனுடைய களிமண் உருளை ஒன்று 1879-இல் கண்டெடுக்கப்பட்டு, இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடம்பெயர்ந்த தெய்வங்களையும் மக்களையும் அவரவர் இருப்பிடத்துக்கு அனுப்பியதாக அது கூறுகிறது. யூதர் பெயர் அதில் இல்லை. அது அவன் பேரரசுக் கொள்கை. யூதருக்கோ அது விடுதலை முரசு! வேற்று நாட்டானை, வேற்றுத் தெய்வத்தை வணங்கியவனை, அபிஷேகம் பெற்றவன் என்றே ஏசாயா நூல் போற்றுகிறது.

திரும்பியோர் 42,360 பேர் என்கிறது எஸ்றாவின் நூல். அதே பட்டியலின் அடுத்த வரியைப் படியுங்கள்: அவர்களோடு 7,337 அடிமைகள், 200 பாடகர்கள். அடிமைத்தளை அறுத்த கதையை ஆண்டுதோறும் பாடிய மக்கள், விடுதலைப் பயணத்திலேயே அடிமைகளை அழைத்து வந்தார்கள்! ஏட்டை எழுதியவன் இதை மறைக்கவில்லை. முரண்பாடாகக் கருதவும் இல்லை. விடுதலை பெற்றவனின் கண்ணுக்கும் சில சங்கிலிகள் தெரிவதில்லை.

புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய நாளில் இளையோர் மகிழ்ச்சியால் ஆரவாரித்தார்கள். பழைய ஆலயத்தைக் கண்ணாரக் கண்டிருந்த முதியோரோ ஓவென்று அழுதார்கள். ஆரவாரம் எது, அழுகை எது என்று பிரித்தறிய முடியவில்லையாம். திரும்புதல் என்பது அதுதான், நண்பர்களே. எந்த ஊரை நினைத்துத் திரும்புகிறோமோ, அந்த ஊர் அங்கே இருப்பதில்லை.

ஊர் இல்லை, ஆனால் ஆட்கள் இருந்தார்கள். அக்கம்பக்கத்தில் வாழ்ந்தோர் வந்து, “நாங்களும் உங்களோடு சேர்ந்து கட்டுகிறோம்” என்றார்கள். வந்தவர்களின் தலைவர்கள் மறுத்துவிட்டார்கள். அன்று விழுந்தது பிளவு. பிறகு எஸ்றா வந்தார். வேற்றினத்துப் பெண்களை மணந்தோர், மனைவியரையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் தள்ளிவைக்க வேண்டும் என்றார். இன்று படித்தாலும் நெஞ்சம் பதைக்கும் பக்கம் அது. அதே மறைநூலில் ரூத் என்னும் மோவாபியப் பெண்ணின் கதையும் இருக்கிறது. அந்த வேற்றினத்தாளே தாவீது அரசனின் பாட்டனைப் பெற்றவள் என்கிறது அது. ஒரே நூல், இரண்டு குரல்கள். எந்தக் குரலுக்குச் செவி சாய்ப்பது என்பதுதான் ஒவ்வொரு தலைமுறைக்கும் விடப்படும் சவால்.

நெகேமியாவின் கதை இன்னும் கூர்மையானது. பாரசீக அரசனுக்கு மது பரிமாறும் உயர்பதவியை விட்டு வந்து, 52 நாளில் எருசலேமின் மதிலை எழுப்பியவர் அவர். ஆனால், மதில் எழும்பிக்கொண்டிருந்த வேளையில் உள்ளே எழுந்தது ஓர் ஓலம். வயலை அடகு வைத்தோம், திராட்சைத் தோட்டத்தை அடகு வைத்தோம், வரிகட்டக் கடன் வாங்கினோம், இன்று எங்கள் பெண் மக்களையே அடிமைகளாக்கிவிட்டோம் என்று ஏழைகள் கதறினார்கள். கடன் கொடுத்தவர் யார்? அந்நியரா? இல்லை, சொந்தச் சகோதரரே! நெகேமியா சினந்தார், ஊரைக் கூட்டினார். வயலையும் வீட்டையும் வட்டியையும் இன்றே திருப்பிக் கொடுங்கள் என்று ஆணையிட்டு, கொடுக்கவும் செய்தார். மதில் மட்டும் நாட்டைக் காக்காது, நீதியும் வேண்டும் என்று அறிந்த தலைவன் அவன்!

நினைவே நாடாக

கி.பி. 70-இல் உரோமர் இரண்டாம் ஆலயத்தை எரித்தனர். 135-இல் பார் கோக்பாவின் எழுச்சியை நசுக்கி, எருசலேமின் பெயரையே மாற்றினர். அதன்பின் நிலமற்ற யூதன் நாட்காட்டியில் நாடு அமைத்தான். ஆலயங்கள் அழிந்த நாளில் உண்ணாதிருந்தான். திருமணப் பந்தலிலும் கண்ணாடிக் கோப்பையை உடைத்து அழிவை நினைத்தான். 1290-இல் இங்கிலாந்து துரத்தியது; 1492-இல் இசுபெயின் துரத்தியது. ஒவ்வொரு துரத்தலும் பழைய ஏட்டின் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது.

எல்லா நாடும் துரத்தவில்லை. நம் அண்டையிலுள்ள கொச்சியைப் பாருங்கள். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், யோசேப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு 72 உரிமைகளை வழங்கி, வட்டெழுத்தில் செப்பேடு பொறித்துக் கொடுத்தான். அவ்வளவு சிறப்போடு வாழ்ந்த கொச்சி யூதரும், 1948-க்குப் பின் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தனர். நாட்டார் துரத்தவில்லை, நினைவு அழைத்தது. பாக்தாத் யூதர் நிலை வேறு. அங்கே 1941-இல் கொலைவெறி ஆடியது. 1950-இல் போகிறவர் குடியுரிமையைத் துறந்துதான் போகவேண்டும் என்று சட்டம் வந்தது. 1951-இல் அவர்களின் சொத்துகள் முடக்கப்பட்டன. 2,500 ஆண்டுக் குடிகள், ஒரு பெட்டியோடு கிளம்பினர். போய்ச் சேர்ந்த இடத்திலோ, பலருக்குக் கிடைத்தது கூடாரமும் தகரக் கொட்டகையும்தான்.

இரண்டு கதவுகள்

இடையில் நடந்ததை அறியாதவர் யார்? 1896-இல் ஹெர்சல் யூத நாடு கேட்டு நூல் எழுதினார். 1917-இல் பிரிட்டிஷ் அரசு, தனக்குச் சொந்தமல்லாத பாலஸ்தீனத்தில், அங்கே வாழ்ந்த பெரும்பான்மையினரைக் கேளாமலே, யூதருக்குத் தாயகம் அமைய ஆதரவு என அறிவித்தது. 1938-இல் எவியன் நகரில் கூடிய நாடுகள், இட்லரிடமிருந்து தப்பி ஓடிவந்த யூதருக்குக் கதவடைத்தன. பிறகு அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். கதவடைத்த உலகம், குற்றவுணர்ச்சியின் விலையைத் தன் பையிலிருந்தா கொடுத்தது?

இல்லை. 1948-இல் இஸ்ரேல் எழுந்தது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பாலஸ்தீனியர் தம் ஊர்களை இழந்து ஏதிலிகளாயினர். வீடு திரும்ப விரும்புவோரைத் திரும்ப அனுமதிக்க வேண்டும் என்று அவ்வாண்டு டிசம்பரில் ஐ.நா. பேரவை 194-ஆம் தீர்மானம் நிறைவேற்றியது. அது ஏட்டோடு நின்றது. 1950-இல் இஸ்ரேல் ‘திரும்பும் சட்டம்’ இயற்றியது. எந்த நாட்டில் பிறந்த யூதனும் வரலாம், குடியேறலாம் என்றது. ஈராயிரம் ஆண்டுக்குமுன் போனவனுக்குத் திறந்த கதவு, ஈராண்டுக்குமுன் போனவனுக்கு மூடியது! யாபாவிலும் ஐபாவிலும் பிறந்தவன், வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏதிலி முகாமில் தன் ‘பாபிலோனை’ எண்ணத் தொடங்கினான்.

2023 அக்டோபர் 7-இல் ஆமாஸ் படையினர் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றனர். சுமார் 250 பேரைப் பிணையாகக் கொண்டு சென்றனர். கொடுமை, மன்னிக்க முடியாத கொடுமை. அதன்பின் இஸ்ரேல் தொடுத்த போரில் காசாவில் பதினாயிரக்கணக்கானோர் மாண்டனர்; இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் வீடிழந்து, ஒருமுறையன்று, பலமுறை பெயர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் 1948-இல் துரத்தப்பட்டோரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நாடிழந்தவனின் பேரன் மீண்டும் மூட்டை கட்டுகிறான். இதுவுமா அந்த ஏட்டில் எழுதியிருக்கிறது?

ஏட்டில் எழுதியிருப்பது வேறு. எகிப்தில் நீங்களும் அந்நியராயிருந்தீர்கள், ஆதலால் அந்நியனை ஒடுக்காதீர்கள் என்னும் கருத்து அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. 36 இடங்களில் வருவதாகத் தல்மூது கணக்கிடுகிறது. அதைவிடத் தெளிவாக எழுதினார் எசேக்கியேல். அவரும் சிறைப்பட்டுப் பாபிலோன் சென்றவர். திரும்புதலைக் கனவு கண்டவர். திரும்பி வந்து நிலத்தைப் பங்கிடும் நாளில், அங்கே தங்கிப் பிள்ளை பெற்று வாழும் அந்நியருக்கும், உங்களுக்குச் சமமான பங்கு கொடுங்கள் என்று நூலின் 47-ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்தார். அந்நியனுக்கே சமபங்கு என்றால், தலைமுறை தலைமுறையாய் அந்த மண்ணிலே பிறந்து, ஒலிவ மரம் வளர்த்து, அந்த மண்ணிலே புதைந்தவனின் பிள்ளைக்கு என்ன பங்கு? நாம் சொல்லவேண்டாம், எசேக்கியேலே சொல்லட்டும்!

எபிரேய மொழியில் ‘தெஷுவா’ என்றொரு சொல் உண்டு. திரும்புதல் என்பதும் அதன் பொருள். மனந்திருந்துதல் என்பதும் அதன் பொருள். மண்ணுக்குத் திரும்புவதும் அறத்துக்குத் திரும்புவதும் ஒரே வேரில் கிளைத்த இரு கிளைகள். ஒன்றை வெட்டினால் மற்றது வாடும்.

யூதருக்குத் திரும்பும் ஏக்கம் உண்டு, அது பொய்யன்று. அஞ்சாமல் வாழ ஓரிடம் வேண்டும் என்பது ஆசையன்று, உரிமை. அதே ஏக்கமும் அதே உரிமையும் பாலஸ்தீனியருக்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாதவரை, அங்கே ஒருவன் திரும்புவது மற்றவன் துரத்தப்படுவதாகவே முடியும். போனவர் வருவதும் இருந்தவர் போவதுமாகச் சக்கரம் சுழலும்.

நண்பர்களே! பாக்தாத் வானூர்திகளுக்கு நெகேமியாவின் பெயரைச் சூட்டினார்கள். நல்ல பெயர்தான். அந்த நெகேமியா மதில் கட்டியதோடு நிற்கவில்லை; பறித்த வயலைத் திருப்பிக் கொடுக்க வைத்தவர். பெயரை எடுத்துக்கொண்டவர்கள் செயலையும் எடுத்துக்கொள்ளட்டும்! அன்றுதான் திரும்புதல் முழுமை பெறும். அந்த நீண்ட ஏட்டின் முடியாத வாசகமும் அன்றுதான் முடியும்.